பேனரில் நான் போட்ட எம்.டி.

1

கருவடிக்குப்பத்திலும் அதைச் சுற்றியும் என்னை அறிந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மலர்விழி டாக்டர் இல்லை. என் எழுபதாம் கல்யாணத்துக்கு வைத்த பேனரில் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றும் பின்னால் எம்.டி. என்றும் போட்டிருந்தது. போடச் சொன்னவன் நான். அச்சடித்தவர்கள் மேல் தப்பு இல்லை. என் தம்பி மகன் செந்தில் மேல் தப்பு இல்லை. அவள் மேல் துளியும் இல்லை. இதை ஊர்க்காரர்கள் படிக்கிற பத்திரிகையில் நீங்களே எழுத வேண்டும் என்று அவள் கேட்டாள். எழுதுகிறேன்.

பயந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கலியபெருமாள் பயந்தவன் இல்லை. ஏழாம் வகுப்போடு நின்று, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் இரும்புத்தூளைப் பெருக்க ஆரம்பித்தவன். இன்று அமெரிக்காவில் மூன்று டயர் கடைகள் நடத்துகிறேன். எட்டுப் பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள், அதில் வெள்ளைக்காரர்களும் உண்டு. வண்டி கடைக்குள் நுழையும்போதே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு இன்னொருவர் பெருமையைக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் வாங்கினேன்.

மலர்விழி பிசிஷியன் அசிஸ்டென்ட். சுருக்கமாக பி.ஏ. என்பார்கள். நோயாளியைப் பார்ப்பாள், சோதிப்பாள், மருந்து எழுதுவாள், தையல் போடுவாள். ஆனால் டாக்டர் இல்லை. எங்கள் மாநிலத்தில் இருந்த சட்டப்படி, ஒரு டாக்டர் அவளோடு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால்தான் அவள் நோயாளியைத் தொடலாம். அடுத்த மாநிலத்தில் சட்டம் வேறு. கோரிமேட்டு எல்லையைத் தாண்டினால் சட்டமும் வேறு, விலையும் வேறு என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

2

என் மனைவி சரோஜா நர்ஸ். அமெரிக்காவுக்கு வந்தது அவள் வேலையில், அவள் விசாவில். என் முயற்சியால் வந்தோம் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அவள் பக்கத்தில் இருந்தால், "ஆமா, பெட்டிய இவருதான் தூக்கினாரு" என்பாள்.

வந்தபோது மலருக்கு எட்டு வயது. வந்த முதல் வாரமே காகிதத்தில் மாட்டிக்கொண்டோம். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. அவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. என் அப்பா பெயர் கோவிந்தசாமி என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இங்கே நான் மிஸ்டர் கோவிந்தசாமி. பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் பார்த்து, பேன்ட் கூடப் போடாமல் செத்துப்போன மனுஷனை வங்கியிலும் வரி ஆபீஸிலும் மைக்கில் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன். மலருக்கு என் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அவள் வாத்தியாருக்கு அது வாயில் நுழையவில்லை. பன்னிரண்டு வயதில், "அப்பா, ஸ்கூலுக்கு வந்தா வெளியவே நில்லுங்க" என்றாள். நின்றேன். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதற்கு நேரம் ஒதுக்கவில்லை, கடையைத் திறக்கத்தான் நேரம் இருந்தது.

அவளை டாக்டர் ஆக்குவது என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்திருந்தேன். காலேஜ் முடிந்ததும் ஒரு நாள் பி.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னாள். மார்க் இல்லாமல் இல்லை. "எனக்கு இதுதான் வேணும்ப்பா. சீக்கிரம் வேலைக்குப் போய் ஜனங்களைப் பாக்கணும்" என்றாள். நான் இரண்டு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அந்தச் சமயம் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு சாவு வீட்டில், பந்தலுக்குக் கீழே, சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். "பொண்ணு என்னா படிக்குதுபா?" விவரமாகச் சொன்னேன். டாக்டருக்குப் பக்கத்தில் இருந்து வைத்தியம் பார்க்கிற படிப்பு என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"அட, கம்பவுண்டர்னு சொல்லு. அதுக்கா அம்மாந்தூரம் போனீங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தார்கள். மறுநாள் வேறொருவர் கேட்டபோது நான், "டாக்டருக்குப் படிக்குது" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

3

மலர் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். சுற்றிலும் சோளக்காடும் மாட்டுப் பண்ணையும். ஹென்றி என்ற வயதான டாக்டர் அங்கே கிளினிக் வைத்திருந்தார். சில வருஷத்தில் எல்லா வேலையும் மலர் கைக்கு வந்துவிட்டது. அவர் வாரத்தில் ஒரு நாள் வந்து அவள் எழுதிய தாள்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

நான் எப்போதாவது போய் அங்கே காத்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒவ்வொரு முறையும், "நான் டாக்டர் இல்லை, பி.ஏ." என்று திருத்துவாள். நாள் முழுக்கத் திருத்துவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"அவங்களே கூப்பிடறாங்க, உனக்கு என்னாம்மா?"

"அவங்க உடம்பை யாரு தொடறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்ப்பா."

ஹென்றிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். அவர் போகிற நாள் ஒப்பந்தமும் போகும். ஒப்பந்தம் போன நிமிஷமே மலர் கையை எடுத்துவிட வேண்டும். பத்து வருஷமாக அந்த ஊருக்கே வைத்தியம் பார்த்தவள் ஒரு கையெழுத்து இல்லாமல் இருமல் மருந்து கூட எழுத முடியாது. வேறு டாக்டர் யாரும் அந்தக் காட்டுக்கு வந்து கையெழுத்துப் போடத் தயாராக இல்லை.

அந்த நேரம்தான் மாநிலச் சட்டசபையில் புது மசோதா வந்தது. அனுபவம் நிறைந்த பி.ஏ.க்களுக்கு இனி டாக்டர் ஒப்பந்தம் தேவையில்லை, தன் பெயரிலேயே பார்க்கலாம் என்று. அனுபவ மணி நேரத்துக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். மலருக்கு அது தாராளமாக இருந்தது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. லைசென்ஸில் எந்தக் கறையும் இருக்கக் கூடாது, உரிமம் கொடுக்கிற வாரியம் கடைசி இரண்டு வருஷத்தில் கண்டித்திருக்கக் கூடாது.

மலர் சட்டசபைக் குழு முன்னால் போய்ப் பேசினாள். எதிர்த்துப் பேசிய டாக்டர்களும் இருந்தார்கள். மேற்பார்வை இல்லாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து என்பது அவர்கள் வாதம். அவள் பேசியதை வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தோம். அந்த ஊரில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை தூரம், பனி விழுந்தால் எத்தனை நேரம் என்று நிதானமாகச் சொன்னாள். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கடையில் எல்லோரையும் நிறுத்திவைத்து மறுபடியும் போட்டுக் காட்டினேன்.

4

இப்போது பேனர் விஷயம். அது இதற்கெல்லாம் முன்பு நடந்தது.

எழுபதாம் கல்யாணத்தை நம் ஊரில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே வந்துவிட்டேன். செந்திலைக் கூட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையில் பேனர் அடிக்கிற கடைக்குப் போனேன். என் படம் நடுவில் பெரிதாக, சரோஜா படம் பக்கத்தில், மலர் படம் மேலே வட்டத்துக்குள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டது.

"ஐயா, அக்கா பேருக்குப் பின்னாடி என்னா போடறது? எம்.டி.யா, எம்.எஸ்.ஸா?"

"எது பெருசு?"

"மருந்து குடுத்தா எம்.டி. அறுத்தா எம்.எஸ். எங்க மாமா பொண்ணு வெறும் எம்.பி.பி.எஸ்.தான். அதுக்கே மூணு பேனரு."

"அப்ப எம்.டி. போடு. யு.எஸ்.ஏ.ன்னு சேத்துப் போடு. இங்கிலீஷ்லயும் போடு."

செந்தில் என் காதோரம் வந்தான். "பெரியப்பா, அக்கா பி.ஏ.தானே?"

"நீ சும்மா இருடா. பேனர்ல போயி அசிஸ்டென்ட்னு போட்டா எவன் நிமிந்து பாப்பான்?"

பேனர் வைக்கக் கூடாது என்று நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. வைக்கத்தான் செய்கிறார்கள். சந்திப்பில் இரண்டு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டி வைத்தோம்.

மலர் மூன்று நாள் லீவில் வந்தாள். சென்னையிலிருந்து வந்த கார் சந்திப்பில் நின்றது. நானும் செந்திலும் மாலையோடு காத்திருந்தோம். அவள் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் இங்கிலீஷ் எழுத்து ஆள் உயரத்துக்கு இருந்தது.

"என்னாப்பா இது? நான் எம்.டி. இல்ல. எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்துடலாம்மா. முதல்ல மாலையப் போட்டுக்க."

"இல்ல, இப்பவே. இது தப்பு. என் லைசென்ஸுக்கே தப்பு."

"உன் லைசென்ஸு அங்க இருக்குது. இது கருவடிக்குப்பம். இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?"

சாரத்தில் ஏற ஆள் இல்லை, காலையில் எடுக்கலாம் என்றேன். காலையில் முகூர்த்தம். முகூர்த்தம் முடிந்ததும் மறுபடி கேட்டாள். பந்தி முடியட்டும் என்றேன். மூன்றாம் நாள் அவள் விமானம் ஏறினாள். பேனர் நின்றது. காற்றில் கிழிந்து தொங்கிய பிறகுதான் இறக்கினார்கள்.

அவள் அண்ணாந்து பார்த்த நிமிஷத்தைச் செந்தில் போட்டோ எடுத்திருந்தான். மேலே பேனர், கீழே பக்கவாட்டில் அவள் முகம், வாய் பாதி திறந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பதுபோல் இருக்கும். அப்போது அவள் சொல்லிக்கொண்டிருந்தது 'எடுக்கச் சொல்லுங்க' என்பது. அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவள் பெயரை இங்கிலீஷில் போட்டு எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போடச் சொன்னேன். போட்டான்.

5

மலர் சட்டசபையில் பேசிய ஒரு மாதத்துக்குள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. தன்னை டாக்டர் என்று காட்டிக்கொள்கிறார் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். யார் என்று சொல்ல மாட்டார்கள். கூடவே அந்தப் போட்டோ.

அவள் வந்து கடிதத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திரும்பக் கத்தியிருப்பேன். சரோஜாதான் பேசினாள்.

"நான் நாப்பது வருஷம் நர்ஸா இருந்தேன். எந்தப் பேனர்லயாவது என்னை டாக்டரம்மான்னு போட்டீங்களா?"

"உன்னைய எவனும் கம்பவுண்டர்னு சொல்லல."

"சொன்னா என்னாங்க? ஒரு கம்பவுண்டர் பாத்துதான் உங்க அம்மா பொழைச்சாங்க."

வக்கீல் வைத்தோம். இரண்டு கேள்விதான் முக்கியம் என்றார் அவர். பேனரை வைத்தது யார், அது அவளுக்குத் தெரியுமா. நான் உடனே வழி சொன்னேன்.

"அவ பாக்கவே இல்லன்னு நான் சொல்லிடறேன். முழுக்கத் தமிழ்ல இருந்துச்சு, அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடறேன். படிக்கத் தெரியாதுங்கறது நெசம்தானே?"

மலர் அந்தப் போட்டோவை என் பக்கம் தள்ளினாள். "நான்தான்ப்பா பாத்துக்கிட்டு நிக்கறேன். பாக்கலன்னு எப்படிச் சொல்லுவீங்க? நடந்ததைச் சொல்லுங்க. நான் எடுக்கச் சொன்னதையும் சொல்லுங்க."

விசாரணை ஒரு சாதாரண ஆபீஸ் அறையில் நடந்தது. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தலைவியாக ஒரு அம்மா. எனக்கு மொழிபெயர்க்க மேஜை மேல் ஒரு போன். அதிலிருந்து தெற்கத்திப் பக்கத்துப் பெண் குரல் வந்தது. "ஐயா, அவுங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நான் அப்படியே சொல்லிருதேன்" என்றது. சத்தியம் செய்தேன்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்தேன். இரண்டாவது கடை திறந்த கதைக்கு வந்தபோது தலைவி கையைத் தூக்கினார். போனில் குரல் சொன்னது, "ஐயா, கடையெல்லாம் போதுமாம். பேனர்ல எழுதச் சொன்னது யாருன்னு கேக்காக."

"நான்."

"மக டாக்டர் இல்லைன்னு தெரியுமான்னு கேக்காக."

"தெரியும்."

"பெறகு ஏன் எழுதுனீங்கன்னு கேக்காக."

சாவு வீட்டுப் பந்தலையும் கம்பவுண்டர் பேச்சையும் அந்த மூன்று பேருக்கு எப்படிச் சொல்வது? போனை என் பக்கம் இழுத்தேன். பிறகு சொன்னேன். "ஊர்ல என்னைய மதிக்கணும்னு எழுதினேன். அவளுக்கு அது தேவைப்படல."

போனில் அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். மலர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் போட்டோவைக் காட்டினார்கள். இதில் உங்கள் மகள் சிரிக்கிறாரே என்றார்கள். சிரிக்கவில்லை, எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் நான் ஏமாற்றினேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் உண்மை பேசியதில்லை. அறையை விட்டு வெளியே வரும்போது அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

6

நான் சொன்னதை அவர்கள் முழுசாக நம்பினார்கள். நம்பியதால்தான் வினை. எழுத்து பொய் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, அப்பா எடுக்கவில்லை என்றும் தெரிந்திருக்கிறது, அதற்குப் பிறகும் அவள் பெயரில் அது நின்றிருக்கிறது, படம் இணையத்தில் இருந்திருக்கிறது. தன் பட்டத்தைச் சரியாகக் காட்டுவது உரிமம் உள்ளவரின் பொறுப்பு, அப்பாவுடையது அல்ல. எழுத்து மூலமாகக் கண்டனம். வழக்காடினால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரை எதுவும் நிச்சயம் இல்லை என்றார் வக்கீல். மலர் படித்துப் பார்த்துவிட்டு, கண்டனத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மசோதா சட்டமாகிவிட்டது. ஆளுநர் கையெழுத்திட்டதை டிவியில் காட்டினார்கள். மாநிலம் முழுக்க அவளைப் போன்றவர்கள் கேக் வெட்டினார்கள். கண்டனம் வாங்கியவர்கள் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. எந்தச் சட்டத்துக்காகப் போய்ப் பேசினாளோ, அது அவளுக்கு மட்டும் இன்னும் இல்லை.

ஹென்றி போய்விட்டார். மலர் நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர்களின் கீழ் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் சின்ன ஊர்க் கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். அம்மாவிடம் பேசுகிறாள். என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள்.

முன்பு ஒரு முறை நான், "இதுக்கு நான் என்னாம்மா பண்ணணும்?" என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த வேலை இரண்டு. ஊரில் யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்கள் படிக்கிற பத்திரிகையில் மாற்றி எழுதுங்கள் என்று அவள் சொன்னது ஒன்று. இன்னொன்றை அவள் என்னைச் செய்யச் சொல்லவில்லை. "அங்க இருக்கற வயசானவங்க எப்படி வருவாங்கன்னே தெரியல" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கடை வேலைக்கு வைத்திருந்த வேனில் இரும்பையெல்லாம் இறக்கிவிட்டு சீட்டு போட்டேன். வியாழக்கிழமை தோறும் அந்த ஊருக்குப் போய், பூட்டிய கிளினிக் வாசலில் நிற்பேன். ஏழெட்டுப் பேர் ஏறுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். மலருடைய அப்பா என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல மனுஷன் என்று என்னைப் பேசிக்கொள்வார்கள். நானும் கேட்டுக்கொண்டு ஓட்டினேன், நான்கு வாரம்.

ஐந்தாவது வாரம், லாயிட் என்ற மாட்டுப் பண்ணைக்காரக் கிழவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மூத்தவர், காலில் சர்க்கரைப் புண். பத்து வருஷமாக அந்தக் காலை மலர்தான் பார்த்து வந்தாள். சட்டம்தான் வந்துவிட்டதே, பிறகு ஏன் அவள் திரும்பி வரவில்லை, எங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டாளா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மனசு விட்டுப்போய்க் கேட்டார்.

என் இங்கிலீஷ் டயர் விற்கிற இங்கிலீஷ். அதில் சொன்னேன். அவள் விடவில்லை. எங்கள் ஊரில் நான் அவளை டாக்டர் என்று பெரிதாக எழுதினேன். அவள் எடுக்கச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. அதனால் பூட்டு.

வண்டியில் எல்லோருக்கும் கேட்டது. லாயிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது வழக்கமாகச் சொல்கிற நன்றியையும் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கைத்தடியை முதலில் உள்ளே வைத்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் காலை யாராவது பார்த்தாக வேண்டும், அவருக்கு வேறு வண்டி இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வேனை எடுத்தேன்.